எந்த சோனி பாய்? ஜாஸ், ப்ளூஸ் தொகுப்பு பகிர்வோர் தவிர்க்க வேண்டியவை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மாமாக் கடையில் ரசிகர்கள் கூடினால், புதிதாக ஜாஸ் கேட்க வந்தவர் ஒருவர் பென்டிரைவை நீட்டுவார். "நானூறு பாட்டு இருக்கு அண்ணே, எல்லாம் கிளாசிக்!" திறந்தால் டிராக் 01, டிராக் 02 என்று வரிசையாகப் போகும். எழுத்துப்பிழையும் வரிசை மாறுவதும் போகப் போகச் சரியாகிவிடும். கீழே சொல்பவை அப்படிச் சரியாவதில்லை.

பெயரை மட்டும் எழுதுவது

காசையும் நேரத்தையும் அதிகம் தின்பது இதுதான். "சோனி பாய் வில்லியம்சன்" என்று மட்டும் போட்டிருக்கும். அந்தப் பெயரில் மவுத் ஆர்கன் வாசித்தவர்கள் இரண்டு பேர். ஜான் லீ வில்லியம்சன் 1937ல் பதிவு செய்யத் தொடங்கி, 1948ல் சிகாகோவில் கொல்லப்பட்டார். அதே பெயரை வைத்துக்கொண்ட ரைஸ் மில்லரின் முதல் ரெக்கார்டு 1951ல்தான் வந்தது. 1965 வரை இருந்தார். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிட்டு, "வயசாக வயசாக இவர் குரல் எப்படி மாறிப்போச்சு பாருங்க" என்று அரை மணி நேரம் பேசுகிறார்கள். அடப்பாவிகளா, ஆளே வேறு!

ஆள் ஒருவராக இருந்தாலும் பதிவு பலவாக இருக்கும். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் பதிவு செய்தது 1936ல் சான் அன்டோனியோவிலும் 1937ல் டல்லஸிலும் மட்டுமே. ஆனால் 1990ல் வந்த முழுத்தொகுப்பில் பாட்டு 29, பதிவு 41. ஒரே பாட்டை எத்தனையாவது முறை வாசித்தது என்று சொல்லும் டேக் எண் இல்லாமல் அனுப்பினால், வாங்குபவருக்குத் தன்னிடம் இருப்பது எது என்றே தெரியாது. அடுத்த ஞாயிறு அம்கோர்ப் மால் சந்தையில் வேறு அட்டையைப் பார்த்து, அதே பதிவுக்கு மறுபடி வெள்ளியை எண்ணிக் கொடுப்பார்.

எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்பதையும் எழுத வேண்டும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று பாட்டுகளும் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்று டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதைச் சரியான வேகத்தில் போட்டபோது சுருதி ஏறிவிட்டது. 1992 வெளியீட்டில்தான் திருத்தினார்கள். பழைய பிரதியோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிறவர் பாவம், தன் கிட்டாரைத்தான் திருகிக்கொண்டிருப்பார்.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் பதிவான தேதி, ஊர், வாசித்தவர்கள், கம்பெனி, மேட்ரிக்ஸ் எண் (பதிவுக்குக் கம்பெனி கொடுத்த அடையாள எண்), டேக் எண், எடுத்த தட்டு ஆகியவை வேண்டும். ஃபைல் பெயர் 1936-11-23 என்பதுபோல் தேதியில் தொடங்கட்டும். மற்றவை குறிப்புப் பெட்டியில் போகட்டும். ஆண்டு கட்டத்தை மென்பொருள் தானாக நிரப்ப விடாதீர்கள். அது சிடி வந்த ஆண்டைப் போடும். வரிசைப்படுத்தினால் 1936ன் ஜான்சன் 1990க்குப் போய் நிற்பார்.

எம்பி3ஐ ஃப்ளாக் ஆக்குவது

128 கேபிபிஎஸ் எம்பி3 பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள உயர் ஒலியை வெட்டிவிடும். அதைத் தரம் குறையாமல் சேமிக்கும் ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் ஃபைல் எடை கூடும், போனது வராது. ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் போட்டால் கத்தியால் அறுத்ததுபோல் கோடு தெரியும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில் அந்த உயரத்தில் இசை இருக்காது, உரசல்தான் இருக்கும். அதுவும் அறுபட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

உரசலைத் துடைப்பது

கூடவே சிம்பல் எனும் தாளத்தட்டின் ஒலியும் போகும். துடைக்காத பிரதியையும் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்புவது

ஆண்ட்ராய்டு போனில் ஃபைல் பெயர் போய் வெறும் எண்ணாகிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கச்சேரிப் பதிவில் இரண்டு வினாடி இடைவெளி

கைதட்டல் நடுவில் அறுந்துபோகும். சிடி எழுதும்போது முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையில் இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள்.

எழுதிய சிடியைக் காரில் போட்டு வைப்பது

நம் ஊர் வெயிலிலா?