பேர் வராத சாபம்: மலையகத்தில் ஒரு மாயக் காதல் கதை எழுதுவது எப்படி

குடும்பச் சாபமும் காதலும் கலந்த மாயக்கதை எழுத ஆசைப்படும் தங்கச்சிமாரே, தம்பிமாரே, கோட்டையையும் சூனியக்காரியையும் விடுங்கள். சாபத்துக்கு வேண்டிய காரணம் நம்ம லயத்திலேயே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிலேயே இருக்கிறது.

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் பத்துக் காம்பரா (அறை) லயத்தில் வளர்ந்தவள். என் முதல் கதை நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோனது. சாபம் எதற்காக வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. அதனால் யார், யாருக்கு, என்ன அநியாயம் செய்தார் என்பதை முதலில் எழுதிவிடுங்கள். என் கதையில் நாயகியின் பாட்டனுக்குப் பாட்டன், ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கும் பெரிய கங்காணி. வேலைக்கு வரும் ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்த காலம் அது. செத்துப்போன ஒருத்திக்கு அவன் தினமும் செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர் பேரைப் பதியும் ஏட்டில், பேர் போட்டான். அவள் கடனைத் துண்டில் (தொழிலாளியின் கடனைக் குறிக்கும் சீட்டில்) எழுதிப் பிள்ளைகள் தலையில் கட்டினான். துண்டு முறையைச் சட்டம் 1921இல் ஒழித்துவிட்டது. சம்பவம் அதற்கு முன்னால் நடக்க வேண்டும், தலைமுறைகளை விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

சாபத்தில் அந்த அநியாயத்தின் சாயல் இருக்கட்டும். அவன் திருடியது ஒரு பேரை. ஆகவே அவன் வம்சத்துப் பிள்ளைகளை மனசார நேசிப்பவர் வாயில் அவர்கள் பேர் வராது. பெற்ற அம்மாவே மகளைப் "புள்ள" என்றுதான் கூப்பிடுகிறாள்.

இப்போது காதல். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் 18 வயதுப் பெண் அவள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பார்க்கும் பையன் நேற்றுவரை பேர் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டான். இன்று மழை. இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து ஒழுக நிற்கிறாள். கூடையை வாங்குகிறான், வாயைத் திறக்கிறான், பேர் வரவில்லை.

"இந்தா... 16 கிலோ."

அவளுக்குப் புரிந்துவிடுகிறது, அவனுக்குப் புரியவில்லை. இதற்கு மேல் காதலைச் சொல்ல வசனம் எதற்கு? இந்தக் காட்சியை மட்டும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

மாய விதி இது ஒன்றே போதும்.

சாபத்தை முத்தத்தால் முறிக்க வேண்டாம். கடன்பட்ட வீடுதான் கடனைத் தீர்க்க வேண்டும். செத்தவளின் பேர் பையனுடைய அப்பாயி பாடும் ஒப்பாரியில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டுமானால், "உங்க ஆளுங்கள ஏமாத்துனது எங்க வீடு" என்று நாயகி முதலில் சொல்லியாக வேண்டும். அவனை இழந்துவிடுவோமோ என்று அவள் நடுங்குவதை எழுதுங்கள், கதையின் உயிர் அங்கேதான்.

அப்புறம் மாசி மாதக் காமன் கூத்து. சிவன் எரித்த மன்மதனை ரதி மன்றாடி மீட்கும் கதை அது. ஊரே திரண்டிருக்கும். ரதி அழுது ஓய்ந்ததும் நாயகி எழுந்து நின்று, செத்தவள் பேரை உரக்கச் சொல்லட்டும்.

அதற்குப் பிறகு இழுக்க வேண்டாம். மறுநாள் காலை, பணிய லயத்திலிருந்து அவன் மேலே ஏறி வருகிறான். அவன் வாய் திறக்கும் முன்பே, இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) கோப்பை கழுவிக்கொண்டிருக்கும் அம்மா மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறாள்.