அப்பத்தாவின் டெபாசிட் வட்டிக்கு வரி உண்டா? 2025-26 கணக்கைப் போடும் முறை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் "வயசாயிருச்சு, எனக்கென்ன வரி?" என்று கேட்கும் பெரியவர்கள் நிறைய. வயதுக்குச் சலுகை உண்டுதான். ஆனால் வட்டியை மட்டும் நம்பி இருப்பவர்களுக்குப் பெரிய லாபம் அந்தச் சலுகையில் இல்லை, புதிய வரிமுறையில் இருக்கிறது. 2025-26 நிதியாண்டுக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள்.

படி 1: பணம் யாருடையது?

ஐயா (அப்பத்தாவின் கணவர்) தன் பணத்தை அப்பத்தா பேரில் டெபாசிட் போட்டிருந்தால், அந்த வட்டி ஐயாவின் வருமானத்தில்தான் சேரும். மகன் கொடுத்த பணமென்றால் அப்பத்தாவின் கணக்கு. பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டை ஆண்டு முழுக்க வாடகைக்கு விட்டிருந்தால், அவரவர் பங்குக்கு வரும் வாடகையைச் சேர்த்து, வீட்டுவரி போக மீதியில் 30% கழித்துக்கொள்ளலாம்.

படி 2: இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள்

அப்பத்தாவுக்கு வயது 67, வங்கி வட்டி 6,20,000 ரூபாய், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 30,000 என்று வைத்துக்கொள்வோம்.

பழைய முறையில் 60 வயதுக்கு மேல் 3 லட்சம் வரை வரியில்லை (80 ஆனவர்களுக்கு 5 லட்சம்). வட்டிக்கு 80டிடிபி பிரிவில் 50,000, காப்பீட்டுக்கு 80டி பிரிவில் 30,000 கழித்தால் மீதி 5,40,000. வரி 18,000, அதன்மேல் 4% செஸ் (கூடுதல் வரி), ஆக 18,720.

புதிய முறையில் இந்தக் கழிவு எதுவும் கிடையாது, வயது வித்தியாசமும் இல்லை. முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை, மீதி 2,20,000-க்கு 5% போட்டால் 11,000. வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் அதுவும் தள்ளுபடி. கட்ட வேண்டியது பூஜ்ஜியம்! ஆனால் பங்கு, நிலம் விற்ற லாபத்துக்குத் தனி விகிதத்தில் வரும் வரிக்கு இந்தத் தள்ளுபடி இல்லை.

படி 3: வங்கி பிடித்த வரியைப் பாருங்கள்

ஒரே வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10% டிடிஎஸ் (வட்டி தரும்போதே முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடிப்பார்கள். எனக்கு வரி வராது என்று உறுதி சொல்லும் 15எச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் (பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (ஆண்டு வருமான விவரப் பட்டியல்) இரண்டையும் இறக்கி, வங்கி தரும் வட்டிச் சான்றிதழோடு ஒத்துப்பாருங்கள். கூட்டுக் கணக்கில் பொதுவாக முதல் பெயருக்குரிய பான் எண்ணில்தான் பிடித்தம் ஏறும்.

படி 4: ரிட்டர்ன்

வரி பூஜ்ஜியமானாலும், மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் (வருமானக் கணக்குத் தாக்கல்) போட்டாக வேண்டும். பிடித்த பணம் திரும்பக் கிடைக்கவும் அதுதான் வழி. 75 வயதானவர்களுக்கு ரிட்டர்னே வேண்டாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பென்ஷனும், அதே வங்கியின் வட்டியும் மட்டும் உள்ளவர்களுக்கு, அதுவும் வங்கியில் உறுதிமொழி கொடுத்தால். கடை வைத்து வாழ்ந்தவர்களுக்குப் பென்ஷன் ஏது?

வட்டி மட்டும் என்றால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். புதிய முறையிலிருந்து விலகுகிறீர்களா என்று படிவம் கேட்கும். 'இல்லை' என்று குறியுங்கள். பணம் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் சரிபார்த்து வையுங்கள். அனுப்பியபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்ய வேண்டும். அந்த ஓடிபி சென்னையில் இருக்கும் மகனின் போனுக்குப் போகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.