ஒரு பானை பயறு இருந்தால் வாரம் ஓடிவிடும்

என் மகள் இனிமேல் பால், வெண்ணெய், முட்டை எதுவும் வேண்டாம் என்று சொன்ன நாளில் நான் நேராகக் கடைக்குப் போனேன். அட்டையில் ‘வீகன்’ என்று அச்சடித்திருந்ததை எல்லாம் கூடையில் அள்ளிப் போட்டேன். போலிப் பாலாடைக்கட்டி, போலி இறைச்சி உருண்டை, என்னவென்றே தெரியாத ஒரு பாட்டில். இரண்டு வாரத்தில் பணம் கரைந்தது. அவளோ ரொட்டியும் பழமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியின் பின்வரிசையில் ஒரு டப்பா கொண்டைக்கடலை அதுவரை சும்மாவே கிடந்தது.

அதை எடுத்து ஊறவைத்த இரவிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் மாறியது. இப்போது சனிக்கிழமை இரவு அரை கிலோ பயறு ஊறும், ஞாயிறு காலை வேகும். அடுத்த நாலைந்து நாட்களுக்கு எந்தச் சாப்பாடும் அதிக நேரம் பிடிப்பதில்லை. பயறு என்று நான் சொல்வது காய்ந்த பயறு: கொண்டைக்கடலை, ராஜ்மா, காராமணி, மொச்சை, பச்சைப்பயறு இவையெல்லாம். பச்சை பீன்ஸ் என் கணக்கில் காய்தான்.

ஊறவைப்பது

அரை கிலோ பயறு வெந்ததும் ஏறக்குறைய 1¼ கிலோ ஆகும். அதனால் பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். முதல்முறை நான் சின்னக் கிண்ணத்தில் ஊறவைத்தேன். காலையில் பாதிப் பயறு தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பயறைப் போல மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றுங்கள், 8 முதல் 12 மணி நேரம் போதும். வெயில் காலமென்றால் குளிர்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் நுரைத்துப் புளித்துவிடும்.

அந்தத் தண்ணீரில் உப்புப் போடுங்கள், லிட்டருக்கு 2 தேக்கரண்டி. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலரும் சொல்வார்கள், நானும் பல வருடம் நம்பியிருந்தேன். நடப்பது நேர்மாறு. பயறின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின், அதைக் கட்டி வைத்திருப்பது கால்சியமும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது தோல் இளகுகிறது. உப்பில் ஊறிய கடலை தோல் உரியாமல் முழுசாக, உள்ளே வெண்ணெயாக வெந்து வரும்.

மறந்துபோய்விட்டதா? பயறைத் தண்ணீரில் 2 நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்க ஊறியதற்குக் கிட்டத்தட்ட ஈடாகும். உடைத்த பருப்புகளுக்கு ஊறலே வேண்டாம். அவசர நாளுக்கென்று எப்போதும் ஒரு டப்பா மசூர் பருப்பு வைத்திருக்கிறேன். 20 நிமிடத்தில் கரைந்துவிடும்.

வேகவைப்பது

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பயறு நுரைக்கும், நுரை ஏறி ஆவி போகும் துளையை அடைத்துவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். கூடவே ஒரு பிரிஞ்சி இலையும், நசுக்கிய பூண்டுப் பல் நாலும், அரைத் தேக்கரண்டி உப்பும் போடுவேன். வெந்த தண்ணீரே பாதிக் குழம்பு ஆகிவிடும்.

விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும், நிமிடக் கணக்குதான் நம்பிக்கை. என் குக்கரில் அழுத்தம் ஏறியபின் கொண்டைக்கடலைக்கு 15 நிமிடம், ராஜ்மாவுக்கு 12, காராமணிக்கு 5. அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு ஆவியை விட்டால் பயறு வெடித்துச் சிதறிப்போகும். திறந்த பானையில் கடலையும் ராஜ்மாவும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் கேட்கும்.

வெந்ததா என்று பார்க்க ஒரு பயறு போதாது. ஐந்து எடுத்து ஒவ்வொன்றாக மேலண்ணத்தில் நாக்கால் அழுத்துங்கள். ஐந்தும் நசுங்க வேண்டும். நாலு நசுங்கி ஒன்று கல்லாக நின்றால் இன்னும் கொஞ்சம் வேகட்டும்.

எவ்வளவு நேரம் ஆனாலும் வேகாத பயறும் உண்டு. அனேகமாக அது பழசு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. கடினத் தண்ணீரும் காரணமாகலாம், அதிலுள்ள கால்சியம் தோலை மறுபடி இறுக்கிவிடும். லிட்டருக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் இளகும். அதற்கு மேல் போனால் சோப்பு வாசனை வரும், பி1 வைட்டமினும் வீணாகும். புளி, தக்காளி, எலுமிச்சை எதையும் பயறு முழுசாக வெந்தபிறகே சேர்க்க வேண்டும். அமிலத்தில் பெக்டின் கரையாது. அரைவேக்காட்டில் தக்காளியைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றவன் சொல்கிறேன்.

ராஜ்மா பற்றி ஒரு எச்சரிக்கை

இதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். வேகாத ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் நிறைய இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து பயறே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கப் போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்துத் துறை 30 நிமிடம் என்று சொல்கிறது. குக்கரில் வைத்தால் இந்தக் கவலையே இல்லை.

மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரத்தில்தான் ஆபத்து. அது கொதிநிலைக்கு ஏறாமலே மணிக்கணக்காகச் சூடாகிக்கொண்டிருக்கும். 80 டிகிரிக்குக் கீழே வெறும் சூடு பட்டால் நச்சு போவதற்குப் பதில் கூடவும் செய்யும். இதையெல்லாம் நான் படித்தது, காலையில் போட்டுவிட்டுப் போன ராஜ்மாவை நானும் மகளும் இரவு சாப்பிட்டு, விடிய விடியக் குளியலறைக்கு வரிசையில் நின்ற மறுநாள்தான்.

எடுத்து வைப்பது

வெந்த பயறை வேகவைத்த தண்ணீரோடேயே ஆறவிடுங்கள், வடித்தால் தோல் சுருங்கி வெடிக்கும். அகலமான பாத்திரத்தில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். அங்கே நாலு நாள் தாங்கும். மிச்சத்தை ஒரு கோப்பை அளவாகப் பையில் போட்டுத் தட்டையாக உறையவைத்தால் மூன்று மாதம் நன்றாக இருக்கும். தட்டையாக வைத்தால் தேவைப்படும்போது ஒரு துண்டு உடைத்து எடுத்துக்கொள்ளலாம். உருண்டையாக உறைந்ததைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாயிற்று, வேண்டாம்.

திங்கள்கிழமைக் குழம்பு

நான் இதைத்தான் அடிக்கடி செய்கிறேன், மூன்று பேருக்கு வரும். வேண்டியவை: வெந்த பயறு 2 கோப்பை, வெங்காயம் 2, தக்காளி 3, பூண்டு 5 பல், விரல்நுனி அளவு இஞ்சி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 1, மல்லித்தூள் 2, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கீரை இரண்டு கைப்பிடி, தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, அரை எலுமிச்சை.

எண்ணெயில் சீரகம் பொரிந்ததும் வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்போடு போட்டு 12 நிமிடம் வதக்குங்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆகும்போதே கை பரபரக்கும், விடாதீர்கள். வீகன் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று சொல்கிறவர்கள் வீட்டில் அனேகமாக வெங்காயம் சிவந்திருக்காது. வெண்ணெயும் நெய்யும் போய்விட்டால் அந்த ஆழத்தை வேறு எங்காவது தேடித்தான் ஆக வேண்டும். ஓரங்கள் பழுப்பாகும்போது அது கிடைக்கிறது. அடி பிடித்தால் இரண்டு கரண்டி பயறுத் தண்ணீர் விட்டுச் சுரண்டிவிடுங்கள், ருசி முழுக்க அந்த ஒட்டலில்தான் இருக்கிறது.

இஞ்சி பூண்டு ஒரு நிமிடம், தூள்கள் அரை நிமிடம். பிறகு தக்காளியைப் போட்டு, அது மசிந்து ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை விடுங்கள். இப்போது பயறும் அதன் தண்ணீர் ஒரு கோப்பையும். கரண்டியின் பின்பக்கத்தால் கொஞ்சம் பயறைப் பாத்திரத்தின் ஓரத்தில் மசியுங்கள். மாவு எதுவும் கரைத்து ஊற்றாமலே குழம்பு கெட்டியாகும். மிதமான தீயில் 10 நிமிடம் கொதித்ததும் கீரை. அது வாடியதும் தேங்காய்ப்பால், பால் சூடேறினால் போதும், கொதித்தால் திரியலாம். அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழியுங்கள். சுவை ஏதோ குறைகிறது என்று தோன்றினால் உப்பைத் தேடிப் போவதற்கு முன் இன்னும் நாலு சொட்டுப் புளிப்பு விட்டுப் பாருங்கள்.

தேங்காய்ப்பால் இல்லையென்றால் வேர்க்கடலை வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கீரை இல்லையென்றால் முட்டைக்கோஸ், பூசணி, சுரைக்காய், எது வாடிக்கொண்டிருக்கிறதோ அது. பூசணி, கேரட் போன்ற கெட்டிக் காய்களை மட்டும் தக்காளியோடேயே போட்டுவிடுங்கள்.

சுட்ட காயும் கடலையும்

காலிஃபிளவர், கேரட், வெந்த கொண்டைக்கடலை. கடலையைத் துணியில் உருட்டி ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் புரட்டி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஓவனில் 220 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். நெருக்கமாக அடைத்தால் காயிலிருந்து வரும் ஆவியிலேயே அவிந்துவிடும், சிவக்காது. ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் இரண்டு தவணையாக வறுக்கலாம். போட்டதும் கிளறாமல் நாலு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம்.

மேலே ஊற்ற ஒரு சாறு: வேர்க்கடலை வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1, எலுமிச்சைச் சாறு 1, ஒரு சிட்டிகை மிளகாய். வெந்நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடியுங்கள். முதலில் சிமெண்ட் போல இறுகும், பயப்படாமல் தொடர்ந்தால் சட்டென்று இளகிவிடும். சோயா சாஸே உப்பு, தனியாக வேண்டாம்.

இரண்டுக்கும் சோம்பலாக இருக்கும் இரவில் ஒரு கோப்பை பயறைப் பூண்டு, எலுமிச்சை, எண்ணெய், உப்போடு முள்கரண்டியால் மசித்து ரொட்டியில் தடவி, மேலே வெள்ளரியும் வெங்காயமும் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவோம்.

வயிறும் சத்தும்

வாயுத் தொல்லை உண்மைதான். பயறிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நமக்கு இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை விருந்தாக்கிக்கொள்கின்றன. ஊறிய தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் குறையும், முளைகட்டினால் இன்னும் குறையும். பழக்கமில்லாதவர்கள் நாளுக்கு அரைக் கோப்பையில் தொடங்கி, சில வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 9 கிராம் புரதம். தானியத்தில் குறைவான லைசின் என்ற புரதக் கூறு பயறில் உண்டு, பயறில் குறைவான மெத்தியோனின் என்ற கூறு தானியத்தில் உண்டு. ஒரே தட்டில் சேர வேண்டியதில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். எலுமிச்சையும் தக்காளியும் பயறிலுள்ள இரும்பை உடம்பு பிடித்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த உதவி கெடும். பி12 மட்டும் எந்தப் பயறிலும் காயிலும் நம்பிக்கையாகக் கிடைக்காது. மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ கட்டாயம் வேண்டும். மகளிடம் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இது.

மிச்சத் தண்ணீர்

கொண்டைக்கடலை வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஆறியதும் கொழகொழவென்று இருந்தால் 3 மேசைக்கரண்டி ஒரு முட்டைக்கு ஈடு. நீர்த்திருந்தால் கொதிக்கவைத்து வற்றவிடுங்கள். முட்டை அடிக்கும் கருவியால் அடித்தால் முட்டை வெள்ளை போலவே நுரைத்து எழும். பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் என்பவர் 2014இல் இதைக் கண்டு சொன்னார். அடுத்த ஆண்டு அக்வாஃபாபா என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

மகளின் பிறந்தநாள் கேக்கை இதை வைத்துத்தான் செய்தேன். கடலை வாசனை வருமோ என்று பயந்தேன், வரவில்லை. ஆனால் முதல் கேக் முழுசாகக் குப்பைக்குப் போனது. குழம்புக்கென்று பூண்டும் உப்பும் போட்டு வேகவைத்த தண்ணீரையே எடுத்து அடித்திருந்தேன். கேக்குக்கு வேண்டுமென்றால் ஒரு கோப்பை கடலையை வெறும் தண்ணீரில் தனியாக ஊறவைத்து, தனியாக வேகவையுங்கள்.