எஸ்ஏடி ஸ்கோரை அனுப்புவதா, விடுவதா: பலரும் செய்கிற தவறுகள்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் வரை ஓயாத பேச்சு ஒன்று உண்டு. காலேஜ் சேர்க்கைக்காக எழுதுகிற, மொத்தம் 1600 மதிப்பெண் கொண்ட எஸ்ஏடி தேர்வில் 1430 வந்திருக்கிறது, ஆனால் அந்த காலேஜில் 1500 முதல் 1560 வரை என்று போட்டிருக்கிறார்களே, அனுப்பினால் கெடுத்துவிடுமோ? கட்டாயம் இல்லை என்றுதானே சொல்கிறார்கள், விட்டுவிடலாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை அதிகம் பேர் இழப்பது இந்த இடத்தில்தான்.

அந்த 1500–1560 என்ன கணக்கு என்று முதலில் பாருங்கள். சேர்ந்த மாணவர்களில் ஸ்கோர் கொடுத்தவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்கிற பாதிப் பேரின் மதிப்பெண் அது. கால்வாசிப் பேர் அதற்கும் கீழே இருந்துகொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். அதோடு, 2020-இல் கோவிட் வந்து பெரும்பாலான காலேஜ்கள் டெஸ்ட் ஆப்ஷனல், அதாவது ஸ்கோர் கட்டாயமில்லை என்று ஆனதும் குறைவாக எடுத்தவர்கள் அனுப்புவதையே நிறுத்திவிட்டதால் அந்த எண் மேலே ஏறியது, அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் பயந்து ஒதுங்க, மறுபடியும் ஏறியது. காலேஜ் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடினால் கிடைக்கிற, காலேஜே வெளியிடும் புள்ளிவிவர ஆவணத்தில் சி9 பகுதியைத் திறங்கள். எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் கொடுத்தார்கள் என்று அங்கே இருக்கும். பாதிப் பேர்கூடக் கொடுக்கவில்லை என்றால் அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டாம்.

டார்ட்மவுத் காலேஜ் 2024 பிப்ரவரியில் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியதற்குக் காரணமே இதுதான். வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்கள் 1400-களில் எடுத்த ஸ்கோரை மறைத்திருக்கிறார்கள், கொடுத்திருந்தால் அது அவர்களுக்கே உதவியிருக்கும் என்று டார்ட்மவுத் பேராசிரியர்களே ஆராய்ந்து சொன்னார்கள். ஸ்கோரை அந்தக் காலேஜில் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை, எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்று சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். பள்ளியின் சராசரி 1050 ஆக இருக்கும்போது 1430-ஐ மறைப்பது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். சராசரியே 1400 இருக்கிற பணக்காரப் பள்ளி என்றால் அதே 1430-க்கு அந்த பலம் இல்லை, அங்கே விடுவது சரியாக இருக்கலாம்.

இன்னொன்று, அனுப்பாவிட்டால் அந்தச் சுமையையும் பள்ளி மதிப்பெண்ணும் எடுத்த பாடங்களும்தான் சேர்த்துத் தாங்க வேண்டும். பள்ளியில் ஏபி கால்குலஸ் (பள்ளியிலேயே காலேஜ் அளவில் நடத்துகிற கணக்குப் பாடம்) கிடைக்காத பிள்ளை இன்ஜினியரிங் கேட்கிறது, எஸ்ஏடியின் கணக்குப் பகுதியில் 800-க்கு 760 இருக்கிறது, மொத்தம் குறைவு என்று அதையும் மறைத்துவிட்டால் கணக்கு வரும் என்று வேறு எதைக் காட்டுவது?

பழைய பட்டியலை நம்புவதும் பெரிய தவறு. எம்ஐடி 2022-லேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஹார்வர்ட், பிரவுன், கால்டெக் எல்லாம் 2024-இல் மாறின. யேலும் அதே வருஷம் மாறியது, ஆனால் அங்கே எஸ்ஏடிக்குப் பதில் ஏபி, ஐபி (சர்வதேசப் பள்ளிப் பாடத்திட்டம்) தேர்வு மதிப்பெண்களையும் கொடுக்கலாம். பெர்க்லி, யுசிஎல்ஏ உள்ளிட்ட கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களோ சேர்க்கைக்கு ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை, 1600 எடுத்திருந்தாலும் பயன் கிடையாது. அண்ணன் அப்ளை செய்தபோது இருந்த விதி தம்பிக்கு இருக்காது, அதனால் ஒவ்வொரு காலேஜின் பக்கத்தையும் இந்த வருஷம் போய்ப் படியுங்கள்.

எல்லாக் காலேஜுக்கும் ஒரே முடிவு எடுக்கவும் வேண்டாம், பல காலேஜ்களுக்கு ஒரே இடத்தில் அப்ளை செய்கிற காமன் ஆப்பில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்று டிக் செய்துவிட்டு எஸ்ஏடியை நடத்துகிற காலேஜ் போர்டிலிருந்து அதே இடத்துக்கு அனுப்பிவைக்காதீர்கள். சில பள்ளிகள் மதிப்பெண் சான்றான டிரான்ஸ்கிரிப்டிலேயே ஸ்கோரை அச்சிட்டுவிடும், பள்ளிக் கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சேர்க்கைக்கு ஸ்கோர் கேட்காத சில இடங்களில்கூட ஸ்காலர்ஷிப்புக்குக் கேட்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து அப்ளை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம், பல காலேஜ்களின் கடைசித் தேதியோ ஜனவரி முதல் வாரம். அப்போது பிள்ளையைப் பற்றி அவர்கள் கையில் பத்தாவது, பதினொன்றாவது மதிப்பெண்ணும் பள்ளி தருகிற உத்தேச மதிப்பெண்ணும்தான் இருக்கும். அதனால் நல்ல எஸ்ஏடி ஸ்கோர் இருந்தால் தயங்காமல் கொடுங்கள். அப்புறம், டெஸ்ட் ஆப்ஷனல் என்றால் ஆங்கிலத் தேர்வுகளான டோஃபலும் ஐஇஎல்டிஎஸும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அது வேறு கணக்கு, அதற்கு விலக்கு உண்டா என்று காலேஜிடம் தனியாகக் கேட்க வேண்டும், அதையும் செப்டம்பரிலேயே கேட்டால்தான் தேர்வுக்குத் தேதி கிடைக்கும்.