‘இன்டீரியர்’ என்றால் வெறும் ‘உள்’ தானா? மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொழிபெயர்க்கப் புதிதாக வருபவர்கள் ‘இன்டீரியர்’ என்ற பெயரடையைக் கண்டதும் ‘உள்’ என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். மூத்தவர்கள் எல்லாரும் ஒருகாலத்தில் விழுந்து எழுந்த குழிதான் இது. எழுத்துப்பிழை, உச்சரிப்பு எல்லாம் அகராதியைப் புரட்டினால் சரியாகிவிடும். இங்கே அவை வேண்டாம்.

அமெரிக்காவுக்கு ‘உள்துறை அமைச்சர்’

எத்தனை முறை திருத்தினாலும் திரும்பி வருகிற தவறு இது. பிரான்ஸ், ஜெர்மனி, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் இன்டீரியர் அமைச்சகம் என்றால் சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு. அங்கெல்லாம் ‘உள்துறை’ சரி. பிரிட்டனில் 1782 முதல் இருக்கும் ஹோம் ஆபீசுக்கும், டெல்லியின் ஹோம் மினிஸ்ட்ரிக்கும் அதே சொல் பொருந்தும். அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்தாது.

அங்கே இன்டீரியர் துறை 1849இல் உருவானது. வெளியுறவுக்கு எதிர்ப்பதமாக, ‘நாட்டுக்குள் நடப்பவை’ என்ற பொருளில் வைத்த பெயர். அரசு நிலம், பூர்வகுடி விவகாரம், காப்புரிமை, ஓய்வூதியம் என்று வேறு எங்கும் ஒட்டாதவற்றையெல்லாம் அதில் கொண்டுவந்து போட்டார்கள். வீட்டுப் பரண் மாதிரி. பிறகு சில பொருள்கள் இடம் மாறின. காப்புரிமை அலுவலகம் 1925இல் வணிகத் துறைக்குப் போனது. இன்று மிஞ்சியிருப்பவை கூட்டரசு நிலங்கள், தேசியப் பூங்காக்கள், வனவிலங்கு, நிலவியல் ஆய்வு, பூர்வகுடி விவகாரம். நம் ஊர் உள்துறை செய்கிற வேலையில் பெரும்பகுதி அங்கே நீதித் துறையிடமும், 2003இல் இயங்கத் தொடங்கிய ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறையிடமும் இருக்கிறது.

தவறாகப் போட்டால் செய்தியே குலைந்துவிடும். ஆல்பர்ட் ஃபால் என்ற அமெரிக்க இன்டீரியர் செயலர் (அங்கே அமைச்சரைச் செயலர் என்பார்கள்), கடற்படைக்கென ஒதுக்கிய எண்ணெய் வயல்களை 1922இல் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார். லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக 1931இல் சிறைக்குப் போனார். இவரை ‘உள்துறை அமைச்சர்’ என்று எழுதினால், போலீஸ் மந்திரிக்கும் எண்ணெய்க் குத்தகைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. 2021இல் டெப் ஹாலண்ட் அந்தப் பதவிக்கு வந்தபோது, பூர்வகுடிப் பெண் ஒருவரிடம் பூர்வகுடி விவகாரத்தையே கையாளும் துறை போனதுதான் செய்தியின் உயிர். ‘உள்துறை’ என்று போட்டால் அந்த உயிர் போய்விடும்.

செய்ய வேண்டியது: முதல் இடத்தில் ‘நிலம், இயற்கை வளங்களைக் கவனிக்கும் இன்டீரியர் துறை’ என்று விரித்து எழுதுங்கள். அடுத்த இடங்களில் ‘இன்டீரியர் துறை’ போதும். தலைப்பில் இடமில்லையா? ‘இயற்கை வளத் துறை’. பெயருக்கு நேர்ப்பொருள் இல்லைதான், ஆனால் யாரையும் ஏமாற்றாது.

‘மோர் இன்டீரியர்’

லத்தீனில் ‘இன்டீரியர்’ என்பதற்கே ‘இன்னும் உள்ளே இருப்பது’ என்று பொருள். ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே இருப்பதால் முன்னால் ‘மோர்’ (more) சேர்ப்பது பிழை. இதன் உச்சநிலை ‘இன்டிமுஸ்’, அதாவது ஆக உள்ளே இருப்பது. ‘இன்டிமேட்’ அங்கிருந்து வந்தது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் இதே வார்ப்பு. இவற்றின் பின்னால் ‘தேன்’ (than) வராது, ‘டு’ (to) வரும். ‘சீனியர் தேன் மீ’ என்பது அலுவலகங்களில் சாகவே சாகாத பிழை.

‘ரொம்ப இன்டீரியர் கிராமம்’

பஸ் போகாத ஊரை நாம் இப்படிச் சொல்கிறோம். பேச்சுக்குக் குறையில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ரிமோட்’ என்று மாற்றுங்கள். இந்தியாவுக்கு வெளியே ‘இன்டீரியர் வில்லேஜ்’ பலருக்கு விளங்காது. மறுதிசையிலும் கவனம் வேண்டும். ‘ஆஸ்திரேலியாவின் இன்டீரியர்’ என்று வந்தால் அது ‘உட்புறம்’ அல்ல, கடற்கரையை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளிய நிலப்பகுதி. அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற நகரம் அங்கேதான் இருக்கிறது. அது பட்டிக்காடும் இல்லை.

வெளிக்கோணத்தை 360இலிருந்து கழிப்பது

‘இன்டீரியர் ஆங்கிள்’ உட்கோணம் என்றால், ‘எக்ஸ்டீரியர்’ வெளியே மிஞ்சும் முழுக் கோணம் என்று பலர் எண்ணுகிறார்கள். இல்லை. ஒரு பக்கத்தை நீட்டினால் அந்தக் கோட்டுக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையே உண்டாவதே வெளிக்கோணம். எனவே 180இலிருந்து கழிக்க வேண்டும். ஒழுங்கு ஐங்கோணத்தின் உட்கோணம் 108 பாகை, வெளிக்கோணம் 72. 252 அல்ல.

பெயின்ட் டப்பா

‘இன்டீரியர்’ என்று போட்டிருந்தால் மழை படும் சுவருக்கு அடிக்காதீர்கள்.

‘இன்டீரியர் மோனோலாக்’

இங்கே ‘உள்’ போதாது. மனத்துக்குள் ஓடும் பேச்சு இது. ‘அகம்’ பொருந்தும். ஆனால் அதே ‘அக’த்தை இன்டீரியர் டெக்கரேட்டருக்கும் சூட்டி ‘அக அலங்காரம்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘உள் அலங்காரம்’ என்றாலே வீட்டுக்காரருக்குப் புரியும்.