லண்டனில் மணி மாறும்போது டிக்கோயாவில் நாயைப் பழக்குவது எப்படி?

நம் இலங்கையில் மணிக்கூட்டு முள்ளை யாரும் கோடைக்கொரு தரம், குளிருக்கொரு தரம் திருப்புவதில்லை. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டால் ஒரு மணிநேரம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணி குறைத்தார்கள், 2006 ஏப்ரலில் பழையபடி ஆக்கினார்கள். அதோடு சரி. அம்மாயி மட்டும் அந்தப் பத்து வருஷமும் "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ஆனாலும் எங்கள் நாய் ஜிம்மிக்கு வருஷத்தில் இரண்டு தடவை நேரம் மாறுகிறது. காரணம் தங்கச்சி. எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு) முன்னறையில் உட்கார்ந்து பிரித்தானியக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறாள். அங்கே கோடை என்றால் இவளுக்கு வேலை பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணியைப் பின்னே தள்ளியதும் 2.30 முதல் 10.30 வரை. ஜிம்மியின் இரவுச் சோறு அவள் கையால்தான்.

போன வருஷம் ஒன்றும் யோசிக்காமல் விட்டோம். 9.30க்கு வந்து குந்தினான், முனகினான். 9.45க்கு, தங்கச்சி மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு முன்னங்காலையும் தூக்கி அவள் மடியில் வைத்தான். அன்றிரவு வெறும் வயிற்றில் மஞ்சள் நுரையாக வாந்தி. துடைத்தது நான்.

படி 1: நாயின் மணிக்கூடு எது என்று பாருங்கள்

வெளிச்சம், வயிறு, வீட்டுச் சத்தம் இந்த மூன்றையும் வைத்துத்தான் நாய் நேரம் பார்க்கிறது. மலையகத்தில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணிநேரம்கூட வித்தியாசமில்லை, ஆகவே வெளிச்சத்தை விடுங்கள். மூன்று நாள் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: நாய் எத்தனை மணிக்கு எழும்புகிறது, எப்போது சோற்றுக்கு வந்து நிற்கிறது, அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன சத்தம் கேட்டது.

ஜிம்மி காலையில் எழும்புவது தொழிற்சாலைச் சங்குக்கு. லண்டனுக்காகச் சங்கு மாறாது, அதனால் காலைப் பழக்கத்தில் நாங்கள் கைவைக்கவில்லை. இரவில் அவன் காது நிமிர்வது மடிக்கணினி மூடும் 'டப்' சத்தத்துக்கு. சோற்றுப் பானை மூடியைத் திறந்தால்கூட அவ்வளவு அவசரமில்லை. இது எங்களுக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

படி 2: பத்துப் பத்து நிமிடமாக நகர்த்துங்கள்

2026இல் அங்கே மணி மாறுவது ஒக்டோபர் 25. 19ஆம் திகதி திங்கட்கிழமை சோறு 9.40க்கு, செவ்வாய் 9.50க்கு, இப்படியே போனால் சனிக்கிழமை 10.30. வயதான நாய், குட்டி என்றால் ஐந்து ஐந்து நிமிடமாக 12 நாள் எடுங்கள்.

அந்த வாரம் வேலை 9.30க்கே முடிந்துவிடும். முடிந்தாலும் மடிக்கணினியை மூடக்கூடாது! தங்கச்சி நாடகம் பார்ப்பாளோ, சும்மா திறந்து வைப்பாளோ, சோறு போடும் நிமிடத்தில்தான் 'டப்'. நேரத்தை மட்டும் தள்ளிவிட்டு அடையாளத்தைப் பழைய இடத்திலேயே விட்டால் நாய் குழம்பும்.

வயிறு காயாமல் இருக்க, இரவுப் பங்கிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை மாலை தேத்தண்ணி நேரத்தில் கொடுங்கள். கூடுதலாக அல்ல, அந்தப் பங்கிலிருந்தே.

படி 3: முனகலுக்குச் சோறு போடாதீர்கள்

இதுதான் கஷ்டம், அதுவும் அம்மா வீட்டில் இருந்தால். "பாவம்டா, வாயில்லா ஜீவன்" என்று ஒரு பிஸ்கட் போனால், நாளைக்கு இன்னும் பத்து நிமிடம் முந்தி முனகுவான். அவன் வாயை மூடி ஒரு நிமிடமாவது அமைதியாக இருந்த பிறகு தட்டை வையுங்கள்.

படி 4: கடைசியாக வெளியே விடும் நேரம்

சோறு தள்ளிப்போனால் மூத்திரம் போகும் நேரமும் தள்ளிப்போகும். 10.30க்குத் தேயிலை மலைப் பக்கம் தனியாக அவிழ்த்து விடாதீர்கள். நாயைத் தூக்கச் சிறுத்தை லயத்து வாசல்வரை வரும். சங்கிலி, டோர்ச், முற்றத்தோடு சரி. ஒக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை வேறு. மழை விட்ட இடைவெளியில் ஒரு தடவை கூட்டிப்போய்விட்டால் இரவில் அடம் குறையும்.

இன்சுலின், வலிப்பு மருந்து எடுக்கும் நாய் என்றால் மேலே சொன்ன எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். மருந்து நேரத்தை எப்படி நகர்த்துவது என்று முதலில் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு (2027இல் 28ஆம் திகதி) இதையே தலைகீழாகச் செய்யுங்கள். சோறு முந்தி வருவதால் எந்த நாயும் சண்டை பிடிக்காது. ஆனால் கடைசியாக வெளியே போவதும் ஒரு மணிநேரம் முந்திவிடும். விடிய முன் கதவைச் சுரண்டினால் திட்டாமல் எழும்பித் திறந்து விடுங்கள்.