வீடியோவ தூக்கிட்டாங்கன்னு கலெக்டர் ஆபீசுக்கு ஓடாதீங்க

காட்பாடில தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரு, தெரு கால்வா தண்ணி பாலாத்துல போயி கலக்குறத வீடியோ எடுத்து போட்டாரு, ரெண்டு மணி நேரத்துல ஆப்ல தூக்கிட்டாங்க. மனுசன் கொதிச்சு போயி, அரசியலமைப்பு சட்டம் 19வது பிரிவு, என் கருத்து சுதந்திரம்னு நாலு பக்கம் மனு எழுதினு, திங்கக்கிழம சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கே கெளம்பிட்டாரு. அங்க வாங்கி இன்னா பண்ணுவாங்க?

நெறய பேரு பண்ற தப்பு இதான். 19(1)(அ)ல இருக்குற பேச்சுரிமை முக்கியமா அரசாங்கம் நம்ம வாய அடைக்காம இருக்கறதுக்கு. 2015ல ஷ்ரேயா சிங்கால் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்ப சட்டம்) 66ஏ பிரிவ ரத்து பண்ணதும் அப்டிதான், போஸ்ட் போட்டா போலீஸ் புடிச்சினு போற பிரிவு அது. ஆப் கம்பெனி அரசாங்கம் கெடையாதே. 2023ல கௌஷல் கிஷோர் கேஸ்ல, தனியார்கிட்டயும் இந்த உரிமைய கேக்கலாம்னு 5 ஜட்ஜுல 4 பேரு சொன்னாங்க தான், அதுக்காக போன வீடியோ தானா திரும்பி வந்துடாது. சில பேரு ஃபர்ஸ்ட் அமெண்ட்மெண்ட்னு வேற எழுதுறாங்க, அது அமெரிக்கா சட்டம்ங்க, அங்கயே அது அரசாங்கத்த தான் கட்டுப்படுத்தும்.

கோவத்துல எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டு புது ஐடி தொறக்காதீங்க, இருந்த ஆதாரமும் போயிடும். மொதல்ல ஏன் தூக்கினாங்கன்னு ஆப் அனுப்பின நோட்டீஸ படிங்க. "இருண்ணா, ஃபோன காட்டு"ன்னு நான் வாங்கி பாத்தா, பிரச்சன கால்வாயே இல்ல, பின்னாடி டீக்கடைல ஓடின சினிமா பாட்டு! காப்பிரைட்.

நோட்டீஸ ஸ்க்ரீன்ஷாட் எடுத்துனு ஆப்லயே அப்பீல் போடுங்க. வேலைக்கு ஆவலன்னா, 2021 ஐடி விதிப்படி கம்பெனி குறைதீர்ப்பு அதிகாரி பேர சைட்ல போட்டிருக்கணும், அவருக்கு எழுதுங்க. அவரு முடிவும் சரியில்லன்னா 30 நாளுக்குள்ள மத்திய அரசோட மேல்முறையீட்டு கமிட்டிக்கு ஆன்லைன்லயே போலாம். இந்த 30 நாள தான் கோட்ட விட்டுடுறாங்க.

அப்புறம் இன்னொன்னு, ஆப் விட்டு வெச்சிருக்குன்னா கேஸ் வராதுன்னு நெனைக்காதீங்க. "நான் எழுதல, ஃபார்வர்ட் தான் பண்ணேன்"னும் தப்பிக்க முடியாது, எஸ்.வி.சேகர் கேஸ்ல 2023ல மெட்ராஸ் ஹைகோர்ட் அத ஒத்துக்கல, சுப்ரீம் கோர்ட்டும் கை குடுக்கல.

அண்ணன் பாட்ட மியூட் பண்ணி மறுபடி போட்டாரு, வீடியோ நிக்குது. மனுவ மட்டும் கால்வாக்குன்னு மாத்தி எழுதி அதே திங்கக்கிழம குடுத்துட்டு வந்தாரு, அதுக்கு அந்த ஆபீஸ் தான் கரெக்டு.